ஹிச் பால் அடிக்கடி லூஸாகிறது: நட்டை வெல்டு வைத்துவிடலாமா?

மேடவாக்கம் தோசைவண்டி:
வணக்கம். டிபன் டிரெய்லர் ஒன்று நடத்துகிறோம். தினமும் சாயங்காலம் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு பொலேரோவில் இழுத்துப் போகிறோம். சாமான்களோடு சேர்த்து 600 கிலோ வரும். வண்டியின் பின்னால் பிளேட் அடித்து அதில் ஹிச் பால், அதாவது டிரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டு, மாட்டியிருக்கிறது. அந்தக் குண்டு நிற்கவே மாட்டேன் என்கிறது. முறுக்கிவிட்டால் கொஞ்ச நாள் சும்மா இருக்கும், அப்புறம் ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் டக் டக்கென்று அடிக்கும். இறங்கிப் பார்த்தால் நட்டு தளர்ந்திருக்கும், குண்டைக் கையாலேயே திருப்ப முடியும். முறுக்கும்போது குண்டும் கூடவே சுற்றுவதால் பைப் ரெஞ்சால் பிடித்துக்கொள்கிறோம். ஸ்பிரிங் வாஷர் இருக்கிறது.

பட்டறைக்காரர் நட்டில் இரண்டு இடத்தில் வெல்டு வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கழலாது என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பின்னால் டூவீலரில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வருகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாதவரம் லாரி பட்டறை:
தம்பி, வெல்டு வேண்டவே வேண்டாம். குண்டும் அதன் கீழே நட்டு ஏறுகிற தண்டும் அடித்து உருவாக்கி, சூட்டில் பதம் ஏற்றிய இரும்பு. வெல்டு சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஓரத்தில் முடி அளவு விரிசல் விட்டு ஒருநாள் மொத்தமாக முறியும். அதைவிட முக்கியம், வெல்டு நட்டைச் சுற்றவிடாமல் நிறுத்தும், அவ்வளவுதான். குண்டைப் பிளேட்டோடு இறுக்கிப் பிடிக்கிற வேலையை அது செய்யாது. குண்டு உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், நட்டு மட்டும் அசையாது. லூஸானதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஈசிஆர் படகு:
நான் பாய்மரப் படகு டிரெய்லர் இழுக்கிறவன். சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள் ப்ரோ. குண்டின் தலையில் என்ன அளவு போட்டிருக்கிறது? கப்ளரில், அதாவது குண்டின் மேல் கவிழ்கிற டிரெய்லர் முனையில், என்ன எண்? தண்டு எவ்வளவு கனம், பிளேட்டில் ஓட்டை எவ்வளவு? குண்டைக் கழற்றினால் அடியில் பிளேட்டில் பெயின்ட் இருக்கிறதா? எத்தனை நீள ஸ்பேனரால் முறுக்குகிறீர்கள்?

அப்புறம், பைப் ரெஞ்சை உருண்டைப் பகுதியில் போடாதீர்கள். அதன் பல் பதிந்த இடம் கப்ளரின் உள்பக்கத்தை அரத்தால் ராவுவதுபோல ராவிவிடும். குண்டுக்குக் கீழே கழுத்துப் பக்கம் இரண்டு பக்கமும் தட்டையாகச் செதுக்கியிருக்கும், அங்கே ஸ்பேனர் போட்டுப் பிடிக்க வேண்டும்.

மேடவாக்கம் தோசைவண்டி:
கழற்றிப் பார்த்தேன் அண்ணா. குண்டில் 2 இஞ்ச் என்று இருக்கிறது, கப்ளரிலும் 2 இஞ்ச். தண்டு 1 இஞ்ச். ஓட்டை வெர்னியரில் ஒரு பக்கம் 28, இன்னொரு பக்கம் 29 எம்எம். காஸ் கட்டிங்கில் போட்ட ஓட்டை, ஓரமெல்லாம் கட்டி கட்டியாக இருக்கிறது. பிளேட் 10 எம்எம். குண்டுக்கு அடியில் கறுப்பு பெயின்ட் வட்டமாகத் தேய்ந்து, நடுவில் துருப்பொடி சிவப்பாகக் கிடக்கிறது. ஸ்பிரிங் வாஷர் சப்பையாகிவிட்டது. ஸ்பேனர் ஒரு அடி நீளம்.

பாடி லேத்:
இப்போது காரணம் தெளிவாகிவிட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில் அவசரப்பட்டால் ஆபத்து.

குண்டை நிறுத்திவைப்பது நட்டும் இல்லை, வாஷரும் இல்லை. நட்டை முறுக்கும்போது தண்டு ரப்பர்போல மிகச் சிறிதளவு இழுபடுகிறது. அந்த இழுப்புதான் குண்டின் அடியையும் பிளேட்டையும் ஒன்றாக அமுக்கிப் பிடிக்கிறது. அந்த அமுக்கம் இருக்கும்வரை யூ டர்னில் கப்ளர் திருகினாலும் குண்டு சுற்றாது. உங்கள் வண்டியில் அந்த அமுக்கமே உருவாகவில்லை.

முதலில் ஓட்டை. 1 இஞ்ச் தண்டு 25.4 எம்எம். ஓட்டை அதைவிடச் சுமார் ஒன்றரை எம்எம்முக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது, 27தான் கடைசி எல்லை. 29 எம்எம் கோணல் ஓட்டையில் குண்டு சமமாக உட்காராது, ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு குழியிலும் முன்னும் பின்னும் நகரும். அந்தச் சிவப்புப் பொடி அப்படி உரசியதில் வந்தது. அதே பிளேட்டில் ரிங் வைத்துச் சரிக்கட்டுவதை நான் ஏற்கமாட்டேன், ஓட்டை வட்டமாகவே இல்லை. புது பிளேட் 16 எம்எம்மில் வெட்டி, டிரில்லில் 26 எம்எம் ஓட்டை போடச் சொல்லுங்கள். 10 எம்எம் பிளேட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில குண்டுகளில் தண்டின் மேல்பகுதிக்கு மரை இருக்காது. பிளேட் மெல்லியதாக இருந்தால் நட்டு மரை முடிகிற இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். கைக்கு நன்றாக இறுகிவிட்டதுபோல் தெரியும், குண்டு இறுகியிருக்காது. இதைச் சமாளிக்க நாலைந்து வாஷரை அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள்.

பெயின்ட். குண்டு உட்கார்கிற வட்டத்திலும், கீழே வாஷர் படுகிற வட்டத்திலும் வெறும் இரும்பு தெரியும்படி சுரண்டிவிடுங்கள். இடையில் பெயின்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கித் தேயும், தேய்ந்த அளவுக்கு இறுக்கம் போய்விடும். சுற்றியுள்ள இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

இப்போது முறுக்கும் கணக்கு. 1 இஞ்ச் தண்டுக்கு வழக்கமாகக் குண்டு தயாரிப்பாளர்கள் சொல்வது 250 அடி-பவுண்டு, அதாவது சுமார் 340 நியூட்டன் மீட்டர். பட்டறை பாஷையில் 34, 35 கேஜி (கிலோகிராம்-மீட்டர்). உங்கள் ஒரு அடி ஸ்பேனரில் 40 கிலோ பலத்தோடு அமுக்கினாலும் 12 கேஜிதான் வரும், தேவையில் மூன்றில் ஒரு பங்கு. எவ்வளவு முக்கினாலும் பத்தாது. லாரி வீல் நட்டு முறுக்குகிற பெரிய டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ரெஞ்ச்) வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். ¾ இஞ்ச் தண்டாக இருந்தால் 160 அடி-பவுண்டு போதும், 1¼ இஞ்ச் என்றால் 450. உங்கள் குண்டோடு வந்த சீட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. மரையில் எண்ணெய், கிரீஸ் தடவாதீர்கள், அதே முறுக்குக்குத் தண்டு அளவுக்கு மீறி இழுபட்டுவிடும். ஸ்பிரிங் வாஷரும் நட்டும் புதிது போடுங்கள். முறுக்கி முடித்ததும் நட்டுக்குக் கீழே இரண்டு மூன்று மரையாவது வெளியே தெரிய வேண்டும்.

ஈசிஆர் படகு:
லேத் அண்ணன் சொன்னதோடு ஒன்று. உருண்டையின் மேல் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள், கப்ளர் லேசாகத் திரும்பும், குண்டைத் திருகாது. மண் ஒட்டினால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவணும். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைப் புழுதிக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: குண்டிலும் கப்ளரிலும் ஒரே எண் இருக்க வேண்டும். 50 எம்எம் கப்ளருக்கு 2 இஞ்ச் குண்டு கிட்டத்தட்டச் சரி என்று கடையில் தருவார்கள். 2 இஞ்ச் என்பது 50.8 எம்எம், கப்ளரின் தாழ் முழுதாக விழாமல் போகலாம். 1⅞ இஞ்ச் குண்டு மாட்டினால் இன்னும் மோசம், குழியில் துள்ளிக் கழன்று வந்துவிடும்.

மேடவாக்கம் தோசைவண்டி:
ரொம்ப நன்றி அண்ணா. கிண்டியில் 16 எம்எம் பிளேட் போட்டு, வீல் நட்டு பட்டறையில் 34 கேஜி வைத்து முறுக்கியாகிவிட்டது. சத்தம் போய்விட்டது. இனி எப்போது செக் செய்யணும்? டிரெய்லர் கழன்றால் பிடித்துக்கொள்கிற செயினைக் குண்டு பிளேட்டிலேயே மாட்டியிருக்கிறோம், பரவாயில்லையா?

மாதவரம் லாரி பட்டறை:
முதல் நாள் ஓட்டி வந்ததும் அதே ரெஞ்சால் ஒரு தடவை பாரு, புது இரும்பு கொஞ்சம் உட்காரும். அப்புறம் நட்டிலிருந்து பிளேட் வரைக்கும் வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடு. தினமும் கிளம்பும்போது குனிந்து கோட்டைப் பார். உடைந்திருந்தால் வண்டியை எடுக்காதே.

குண்டைக் கப்ளரில் மாட்டித் தாழ் போட்டதும் டிரெய்லர் முன்ஜாக்கைத் தூக்கு. பொலேரோவின் பின்பக்கமும் கூடவே எழும்ப வேண்டும். கப்ளர் மட்டும் எழும்பினால் மாட்டவில்லை என்று அர்த்தம்.

செயின் அந்த பிளேட்டில் இருக்கக் கூடாது தம்பி. பிளேட்டே போனால் செயினும் கூடப் போய்விடும். சேஸிஸில் தனியாகக் கொக்கி வைத்து, இரண்டு செயினையும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடு, கழன்றால் கப்ளர் ரோட்டில் குத்தாமல் செயின் மேலேயே விழும். திரும்பும்போது இழுபடாத அளவு நீளம் விடு, தரையில் உரசவும் கூடாது.

தண்ணீர் கேனும் 19 கிலோ சிலிண்டரும் டிரெய்லரில் எங்கே வைக்கிறீர்கள்?

மேடவாக்கம் தோசைவண்டி:
எல்லாம் பின்கதவுப் பக்கம் அண்ணா, இறக்குவதற்கு வசதி.

பாடி லேத்:
அதை ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுவந்து கட்டுங்கள், சிலிண்டர் வால்வை மூடிவிட்டு. பின்பாரம் அதிகமானால் கப்ளர் குண்டை மேலே மேலே தூக்கி அடிக்கும், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். 600 கிலோவுக்குக் கப்ளர் முனையில் 60 கிலோவாவது கீழ்நோக்கி அழுத்த வேண்டும். மளிகைக்கடை எடை மெஷினில் முனையை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.