ஆக்டிவ் சஸ்பென்ஷனை எடுத்துட்டு சாதா ஷாக், ஸ்பிரிங் போட்ட வண்டிகள்: அனுபவப் பகிர்வு

செங்கோட்டை:
மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் (டபிள்யூ 220), ஏபிசி வண்டி, அதாவது ஆயில் பிரஷர்ல பாடியைப் பிடிச்சு நிறுத்துற ஆக்டிவ் பாடி கண்ட்ரோல். நாலு ஹைட்ராலிக் ஸ்ட்ரட்டும் போய் காயிலோவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்தது) ஏறியாச்சு. நேர் ரோட்டுல குறையே இல்ல. புளியரை எஸ் வளைவு இறக்கத்துல ஸ்டியரிங்கைத் திருப்பினதும் பாடி வெளிப்பக்கம் சாஞ்சுது, நிக்காம சாஞ்சுக்கிட்டே போச்சு. அடுத்த வளைவுக்குத் திருப்பினா அப்படியே மறுபக்கம் விழுது. ஷாக் புதுசு, டயர் புதுசு. கீழ படுத்துப் பாத்தாத்தான் காரணம் தெரியும்: ஏபிசி வண்டிக்கு சாய்வைக் குறைக்க ரெண்டு பக்க வீலையும் இணைக்கிற ஆன்டி ரோல் பாரே கிடையாது. சாய்வைப் பிடிச்சு நிறுத்தினது ஹைட்ராலிக். அதை எடுத்தா, ஸ்பிரிங்கும் ஷாக்கும் அந்தச் சுமைக்குத் தகுந்த கடினமா இருக்கணும். கிட் விக்கிறவங்க இதைச் சொல்றதே இல்ல.

கம்பம்:
பம்பை மறந்துட்டீங்க அண்ணாச்சி. குமுளி ஏத்தத்துல பானட்டுக்குள்ள இருந்து ஊளைச் சத்தம், பின்னாலேயே பச்சை ஆயில் பீச்சி அடிச்ச வண்டி ஒண்ணு பட்டறைக்கு வந்துச்சு. ஸ்ட்ரட் லைனைக் கழற்றி, வாயை அடைச்சு விட்டிருந்தாங்க. அது பவர் ஸ்டியரிங்கும் ஏபிசியும் சேர்ந்த டேண்டம் பம்ப்; பெல்ட் சுத்துற வரைக்கும் ரெண்டு பக்கமும் ஓடும். ஏபிசி பக்கம் 200 பார் பிரஷர். அடைச்சா சீல் தாங்காது. ஒண்ணு, அந்த அவுட்லெட்டை ரிட்டர்னுக்கே திருப்பி விடணும். இல்லன்னா ஏபிசி இல்லாத மாடலோட ஸ்டியரிங் பம்பை மாத்தணும். எஞ்சினை நிறுத்தினாலும் அக்யுமுலேட்டர்ல (ஆயில் பிரஷரைச் சேத்து வைக்கிற கலம்) பிரஷர் நிக்கும். அதை இறக்காம யூனியன்ல ஸ்பேனர் வைக்காதீங்க, ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும்.

வாளையார்:
ரெண்டு பேரும் ஏபிசியைப் பத்தியே பேசுறீங்க. இங்க வர்றதுல பாதி ஏர்மேட்டிக், ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை வச்சது. அதுக்கு ஆன்டி ரோல் பார் இருக்கு, சாய்வுப் பயம் இல்ல. ஆனா அதை மாத்தவே வேண்டாம்ங்கிறது என் கட்சி. ராத்திரி நிறுத்தும்போது ஃபெண்டர் விளிம்புல இருந்து வீல் நடு வரைக்கும் நாலு மூலையிலயும் டேப் வச்சு அளந்து எழுதுங்க. காலையில திரும்ப அளங்க. ஒரு மூலை மட்டும் இறங்கினா அந்தப் பை, இல்ல அதோட லைன் யூனியன். சோப்புத் தண்ணி அடிச்சா குமிழி காட்டிக் கொடுக்கும். பல மூலை சேர்ந்து இறங்கினா பைகளுக்குக் காத்தைப் பிரிச்சு விடுற வால்வ் பிளாக்கைப் பாருங்க. கசிவை விட்டுட்டு கம்ப்ரஸர் மட்டும் மாத்தினா, புதுசும் நிக்காம ஓடி எரியும். கூடவே ரிலேயையும் மாத்துங்க.

மாத்தியே தீரணும்னா, வண்டி உயரத்தை அளக்குற லெவல் சென்சாரைக் கழற்றாதீங்க. ஜெனான் ஹெட்லைட் ஏறி இறங்குறதுக்கு அந்தக் கணக்கு வேணும். ஃபியூஸைப் பிடுங்கினா மட்டும் டேஷ்போர்டு வார்னிங் போகாது, யூனிட்டை கோடிங்ல மாத்தணும். வண்டியை மாத்தி அமைக்கிறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கு, கேரளா பக்கம் மாடிஃபிகேஷனை விடவே மாட்டாங்க. முதல்ல ஆர்டிஓவுல கேளுங்க.

செங்கோட்டை:
ஆன்டி ரோல் பார் இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். வீலைப் பிடிக்கிற ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ்ஷோட போல்ட்டை ஜாக்கியில வீல் தொங்கும்போது டைட் பண்ணாதீங்க, ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழியும். வண்டியைத் தரையில இறக்கி, முன்னாடி பின்னாடி ஆட்டி உக்காரவச்சு டைட் பண்ணிட்டு, அப்புறம் அலைன்மென்ட்.