ஓட்டிஸ் ரெட்டிங் 45 ரெக்கார்டு: 1968 ஒரிஜினலா?

பழைய சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு வகை) ரெக்கார்டு சேக்குறவங்க யாராவது கொஞ்சம் பாருங்க. போன மாசம் மெம்ஃபிஸ்ல ஒரு பழைய ரெக்கார்டு கடைல சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கோட 'டாக் ஆஃப் தி பே' சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்ன 45 rpm ரெக்கார்டு) கெடச்சுது, ஆனா இது 1968 ஜனவரில வந்த முதல் அச்சா இல்ல பின்னாடி அடிச்சதான்னு தெரியல.

வெளியிட்ட கம்பெனி வோல்ட், நம்பர் 157, பின்பக்கம் 'ஸ்வீட் லொரீன்', நடுவுல பெரிய ஓட்டை, கவர் வெறும் வெள்ளப் பேப்பர், வருஷம் எங்கயும் போடல. பாடி முடிச்சு சில நாள்லயே, 1967 டிசம்பர் 10, விமான விபத்துல மனுஷன் போயிட்டாரு, பாட்டு நம்பர் ஒன் ஆனத பாக்கவே இல்ல, அதான் ஒரிஜினலான்னு தெரிஞ்சுக்க இவ்ளோ அரிப்பு.

கடைக்காரர்கிட்ட கேட்டேன், மொத்தமா வாங்குன லாட்டுல வந்துச்சுங்கறாரு. நெட்டுல தேடினா அதே நம்பர்ல விதவிதமா லேபிள் (ரெக்கார்டு நடுவுல இருக்கற பேப்பர்) போட்டோ வருது. டார்ச் அடிச்சு பாத்தா பாட்டு முடியற எடத்துக்கும் லேபிளுக்கும் நடுவுல கையால கீறுன எழுத்தும் ஒரு குட்டி முக்கோணமும் இருக்கு, நகத்தால தட்டினா வினைல் மாதிரி இல்லாம கெட்டி பிளாஸ்டிக் சத்தம். கடைசில விசில் வர்ற எடத்துல செம கரகரப்பு வேற.

அந்த முக்கோணத்தையும் எழுத்தையும் வெச்சு எந்த ஃபேக்டரி, எந்த வருஷம்னு எப்படி கண்டுபிடிக்கறது?