வலென்சியா, அலிகாந்தே, மலகா போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் அம்மா அப்பாவோடு ஸ்பெயின் கடலோர ஊர்களுக்குப் போகிறோம். வலென்சியாவில், அல்புஃபேரா ஏரிப் பக்கம் மதியம் பாயெல்லா சாப்பிட ஆசை. முயல், கோழி, பெரிய வெள்ளை அவரை போட்டு, அடியில் சோறு மொறுமொறுவென்று பிடிக்க விடுவார்களே, அதுதான் வேண்டும். அலிகாந்தேயில் சாந்தா பார்பரா கோட்டை, அதன் கீழேயே போஸ்திகெத் கடற்கரை. மலகாவில், மணல் நிரப்பிய பழைய படகில் தீ மூட்டி, குச்சியில் கோத்துச் சுடும் மத்தி மீன்.

அலிகாந்தேயிலிருந்து மலகாவுக்குக் கடலோரமாக ரயில் கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி. பேருந்து தாங்குமா, மாட்ரிட் சுற்றி ரயிலில் போவது மேலா? அப்புறம், அம்மா சுத்த சைவம். காய்கறி பாயெல்லாவில் மீன், கறிச்சாறு சேர்க்காத கடை எது? தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.