விமான ஜன்னலில் அடித்த வெளிச்சம்: சோலாரா, குளமா?

கொல்லங்கோட்டான்:
பெங்களூரிலிருந்து திருவனந்தபுரம், காலை விமானம், வலது ஜன்னல். நம்ம கன்னியாகுமரி மாவட்டப் பக்கம் தாழ வந்ததும் எங்கள் வீடு தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு மாடி. அங்கிருந்து வெல்டிங் வெளிச்சம் மாதிரி சுளீரென்று ஒரு அடி. ஒரு நொடிதான். கண்ணை மூடினால் பச்சைப் பொட்டு, சக்கரம் தரையைத் தொடும் வரை போகவில்லை. எனக்குச் சரி, பைலட்டுக்கு அடித்தால்? வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

தோவாளை அக்கா:
விமானம் பற்றித் தெரியாது தம்பி. எங்கள் வீடு மாடி, எதிர் வீடு தரைத்தளம். அவர்கள் சோலார் போட்ட முதல் வாரம், சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சன்ஷேடு இருப்பதால் வெயில் நேராக வராது. ஆனால் வெளிச்சம் கீழேயிருந்து ஏறி அடுக்களைக் கூரையில் ஆடுகிறது! தீப்பிடித்துவிட்டது என்று கத்திவிட்டேன். தோசை கருகியதுதான் மிச்சம்.

தக்கலை, ஏர்ஃபோர்ஸ் ஓய்வு:
தம்பி பார்த்தது குளமாக இருக்கும். பேனலின் வேலையே வெயிலை விழுங்குவது. வெயில் நேராக விழுந்தால் வெறும் கண்ணாடிகூட 4 சதவீதம்தான் திருப்பும், பேனலில் பூச்சு வேறு உண்டு. கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டிலேயே முழுக்கச் சோலாருக்கு மாறியது. 12 மெகாவாட் பேனல், விமான நிலைய இடத்திலேயே. விமானம் இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது? அப்புறம், நீங்கள் பார்த்தது பக்கவாட்டு ஜன்னல். பைலட் பார்ப்பது முன்னால்.

கொல்லங்கோட்டான்:
அண்ணே, எங்கள் ஊர்க் குளத்தை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, அதில் எங்கே தண்ணீர் மின்ன? நீங்கள் சொல்லும் 4 சதவீதம் உச்சி வெயிலுக்கு. காலையில் வெயில் சாய்ந்து விழும்போது கணக்கே வேறு. விமானம் அந்தப் பக்கமிருந்து கிழக்கே பார்த்து இறங்கினால் முன்னால்தானே அடிக்கும்?

தக்கலை, ஏர்ஃபோர்ஸ் ஓய்வு:
அடிக்கும், ஆனால் அதே நேரம் சூரியனும் அதே பக்கம்தான் நிற்கும். பைலட் கூலிங்கிளாஸ் போட்டிருப்பார். சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மான்செஸ்டர் என்ற ஊர் விமான நிலையத்தில் 2012-ல் பார்க்கிங் கட்டடத்து மேலே பேனல் போட்டார்கள். கண்ட்ரோல் டவரில் இருந்தவர்களுக்குக் கண் கூசியது. தார்ப்பாய் போட்டு மூடி, பிறகு திசையை மாற்றி வைத்தார்கள். பைலட்டைவிட டவர்க்காரர் பாடு கஷ்டம், அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்.

மார்த்தாண்டம் சோலார்:
நான் பேனல் மாட்டுகிறவன். மேலே வேலை செய்யும்போது எனக்கும் ஒருமுறை கண் இருட்டி, ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான். ஆனால் இங்கே எல்லாருக்கும் சொல்கிறேன்: நம்ம மாவட்டத்துக்கு 8, 10 டிகிரி சாய்வு போதும், தெற்கே பார்த்து. கடலோரம் என்றால் ஸ்டாண்ட் துருப்பிடிக்காததாகக் கேட்டு வாங்குங்கள், உப்புக்காற்று அரித்துவிடும். காக்கா எச்சத்தைக் காயவிடாதீர்கள். கழுவுவது விடியற்காலையில், சூடான கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் ஊற்றக் கூடாது. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். மாட்டுவதற்கு முன்பே போர்ட்டலில் பதிந்துவிடுங்கள், பிறகு வந்து என்னிடம் அழாதீர்கள்.

தோவாளை அக்கா:
அவர் மானியமா கேட்டார்? தம்பி, ஒரு சந்தேகம். உங்கள் வீட்டு மாடியிலும் சோலார் இருக்கிறதா?

கொல்லங்கோட்டான்:
இருக்கிறது அக்கா. போன வருஷம் போட்டது. 3 கிலோவாட்.