புதுப்பிப்பு: வார்ப்பிரும்பு வாணலியும் பிளாஸ்டிக் சுரண்டியும்

வாணலியில் ஒட்டிய கருகலைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தால், எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கிய கறுப்புப் படலம் உரிந்துவிடுமா என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். படலம் அப்படியே இருக்கிறது. பாழானது சுரண்டிதான், அதுவும் என் அவசரத்தால்.

அடுப்பை அணைத்த கையோடு சுரண்டினேன். விளிம்பு இளகி, நூலிழையாக நீண்டு வாணலியில் ஒட்டிக்கொண்டது. சுரண்டி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது; அது ஏறக்குறைய 147 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். காலி வாணலி அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும். ஆறிய பிறகு இழையை நகத்தால் பெயர்த்தேன்.

இப்போது கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து, வெந்நீர் ஊற்றி ஊறவிட்டுச் சுரண்டுகிறேன். அடிப்பகுதிக்கு நேர் விளிம்பு. அடியும் பக்கமும் சேரும் வளைவுக்கு உருண்ட முனை. தேய்ப்பு நார் எட்டாமல் என்னைப் படுத்திய இடம் அதுதான். கறுப்புத் துணுக்குகள் வந்தபோது படலமே போயிற்று என்று பதறினேன். வெறும் கருகிய உணவு.

சோப்பு போட்டால் படலம் போய்விடாதா என்று கேட்டவர்களுக்கு: இரண்டு சொட்டு போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, துளி எண்ணெய் தடவித் துடைத்துவிடுகிறேன். இளகிய சுரண்டியின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து நேராக்கிவிட்டேன்.