மூணாறும் ஆலப்புழையும் வேண்டாம்: எல்லைப்புறத்தில் அமைதியான மலைநாட்டு இடங்கள் எவை?

சித்தூர்ப்புழை (சித்தூர், பாலக்காடு மாவட்டம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் விடுமுறைக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து என் மாமா மகள், தன் கணவருடனும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுடனும் வயதான என் அத்தையுடனும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். கேரளம் என்றால் படகு வீடும் தேயிலைத் தோட்டமும்தான் என்று விளம்பரங்களைப் பார்த்தே அவர்களுக்குப் பதிந்திருக்கிறது. ஆனாலும், கூட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்றும், நாங்கள் வாழும் இந்தக் கேரள–தமிழ்நாட்டு எல்லைப்பகுதியையே நன்றாகக் காட்டினால் போதும் என்றும் அவள் சொல்கிறாள்.

கேட்டதும் மகிழ்ச்சியாக இருந்தது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். உறவினர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறார்கள். இருந்தும், யாராவது ஊர் பார்க்க வந்தால் மலம்புழை அணைக்கு மேல் எங்களுக்கு எதுவும் தோன்றுவதில்லை. கையில் ஒரு வாரம் இருக்கிறது. வாடகைக்கு ஒரு வேன் பேசிவிடலாம். அத்தையால் படி ஏறவோ நெடுந்தூரம் நடக்கவோ இயலாது. பாலக்காட்டிலிருந்து செங்கோட்டை வரையிலான மலைத்தொடரின் இரு பக்கங்களிலும் வாழ்பவர்கள், தங்கள் ஊரைச் சுற்றி உண்மையிலேயே பார்க்கத் தகுந்தவை எவை என்றும் டிசம்பரில் அவை எப்படி இருக்கும் என்றும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மீன்கரைக்காரர் (கொல்லங்கோடு) எழுதுகிறார்:

நண்பரே, உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய எங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். அதன் தெற்கு விளிம்பில், நெல்லியாம்பதி மலை சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் இடத்தில் கொல்லங்கோடு இருக்கிறது. வயலுக்கும் மலைக்கும் நடுவே குன்றுகளோ சரிவுகளோ அதிகம் இல்லை என்பதால், நெல்வயலின் வரப்பில் நின்றாலே பனைமரங்களுக்குப் பின்னால் மலைச்சுவர் முழுவதும் கண்முன் நிற்கும். மலை ஏறாமல் மலையைப் பார்க்க இதைவிட ஏற்ற இடம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் அத்தைக்கும் இது மிகவும் பொருந்தும்.

டிசம்பரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த மாதத்தில் இரண்டாம் போக நெல் வயலில் நிற்கும். கணவாய் வழியே கிழக்குக் காற்று பலமாக வீசத் தொடங்கியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலை முகத்தில் இறங்கும் சீதார்குண்டு அருவி டிசம்பரில் மெலிந்துவிடும் என்பதால், அதை மட்டும் எதிர்பார்த்து வர வேண்டாம். ஆலமரங்கள் விழுது பரப்பி நிற்கும் சிங்கஞ்சிறாவையும் அங்குள்ள கருப்பசாமியையும் பார்த்துவிட்டு, மீன்கரை, சுள்ளியாறு நீர்த்தேக்கங்களின் கரையில் மாலையைக் கழிக்கலாம். மறுநாள் நெம்மாறை வழியாகப் போத்துண்டி அணைக்குச் சென்று, அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் நெல்லியாம்பதிக்கு ஏறலாம். கொல்லங்கோட்டிலிருந்து அண்ணாந்து பார்த்த அதே மலையின் விளிம்பில் நின்று வயல்களைக் கீழே பார்ப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். முதல் நாள் கீழே நின்று பார்த்திருந்தால்தான் அந்த உயரம் மனத்தில் பதியும். ஆகவே வரிசையை மாற்ற வேண்டாம்.

ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் வயல்களின் படங்கள் கைப்பேசிகளில் பரவத் தொடங்கியதிலிருந்து, விடுமுறை நாள்களில் வருகிறவர்கள் வண்டியை வரப்பின் மேல் ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். கதிர் பிடிக்கும் பருவத்தில் வயலுக்குள் இறங்கியும் நிற்கிறார்கள். சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, வயலில் வேலை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் நடந்தால் யாரும் மறுப்பதில்லை.

அஞ்சுநாட்டார் (மறையூர், இடுக்கி மாவட்டம்) எழுதுகிறார்:

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் எத்தனையோ வண்டிகள் எங்கள் ஊரைக் கடந்து போகின்றன. நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வருவது சின்னாறு வனவிலங்கு சரணாலயம். கேரளக் காடு என்றதும் மழை சொட்டும் பசுமையை எதிர்பார்த்து வருகிறவர்கள், இங்கே முட்செடிகளையும் கள்ளியையும் பாறைகளையும் கண்டு திகைப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மூணாற்றுப் பக்கத்து உயர்ந்த மலைகளே வாங்கிக்கொள்வதால், அவற்றின் கிழக்குச் சரிவில் உள்ள சின்னாறு மழைமறைவுப் பகுதியாகிவிட்டது. எங்களுக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்றால்தான் கிடைக்கிறது. எனவே நீங்கள் வரும் மாதத்தில் இந்த வறண்ட காடு தளிர்த்திருக்கும். பாம்பாற்றின் தூவானம் அருவியிலும் நீர் இருக்கும். அருவியின் அடிவாரம் வரை செல்ல வனத்துறை வழிகாட்டியுடன் காட்டுக்குள் நடக்க வேண்டும். நடக்க இயலாதவர்கள் சாலையிலிருந்தே தொலைவில் அதைப் பார்க்கலாம். ஆற்றோர மரங்களின் உச்சியைப் பொறுமையாகக் கவனித்தால், இந்தியாவில் வெகு சில இடங்களில் மட்டுமே எஞ்சியிருக்கும் நரை மலை அணிலைக் காண வாய்ப்புண்டு.

அந்தப் பாம்பாற்றைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றே. எங்கள் ஊரைக் கடந்து செல்லும் பாம்பாறு, தமிழ்நாட்டுக்குள் இறங்கி அமராவதியாகி, கரூர் அருகே காவிரியில் கலக்கிறது.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். எங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்து குடியமர்ந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அவர்களுக்கும் வெகு காலம் முன்பே இங்கு மனிதர்கள் வாழ்ந்ததற்குச் சான்றாக, பெருங்கற்காலத்து ஈமக் கல்லறைகளான முனியறைகள் பாறைக் குன்றுகளின் மேல் நிற்கின்றன. பெரிய கற்பலகைகளைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிய இந்த அறைகளில் சில இன்னும் முழுமையாக உள்ளன. தயவுசெய்து பிள்ளைகளை அவற்றின் மேல் ஏற விடாதீர்கள். கோவில்கடவில் பாம்பாற்றின் கரையிலேயே தென்காசிநாதர் கோயில் இருக்கிறது; அத்தை அங்கே நிம்மதியாக அமர்ந்திருக்கலாம்.

கேரளத்தில் சந்தன மரங்கள் காடாகவே இயற்கையாக வளர்ந்து நிற்பது மறையூரில்தான். சாலையின் இருபுறமும் வேலியிட்டுக் காக்கப்படும் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தால் கரும்புத் தோட்டங்கள் தொடங்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் தோட்டத்தை ஒட்டிய கொட்டகைகளிலேயே காய்ச்சப்படுகிறது. சாறு பிழிந்த சக்கையையே காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள். கொப்பரையில் பாகு இறுகியதும் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். கேட்டால் உள்ளே நின்று பார்க்க விடுவார்கள், சூடான பாகையும் கொடுப்பார்கள். திரும்பும்போது நேரடியாக அங்கேயே வெல்லம் வாங்குங்கள், ஏனென்றால் வெளிச்சந்தையில் எங்கள் ஊர்ப் பெயரில் விற்பதெல்லாம் இங்கே காய்ச்சியதல்ல.

தங்குவதற்குக் காந்தளூர் நல்லது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2023-இல் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமத் தேர்வில் தங்கப் பிரிவில் இடம்பெற்ற ஊர் அது. ஆப்பிள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் காய்க்கும் என்பதால் டிசம்பரில் மரத்தில் பழம் இருக்காது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்கறித் தோட்டங்களும் இரவுக் குளிரும் அந்தக் குறையைப் போக்கும்; கம்பளி அவசியம்.

சித்தூர்ப்புழை:

இருவருக்கும் நன்றி. அஞ்சுநாட்டிலேயே இரண்டு இரவுகள் தங்கலாம் என்று எண்ணுகிறேன். அங்கிருந்து செங்கோட்டை வரை சென்று, பாலருவியையும் தென்மலையையும் இரண்டு நாள்களில் சேர்த்துக்கொள்ள முடியுமா? அத்தையின் பிறந்த ஊர் தென்காசி என்பதால் அவருக்கு அந்தப் பக்கம் செல்ல ஆசை.

மேலக்கரை ஆசிரியை (செங்கோட்டை) எழுதுகிறார்:

ஐயா, எங்கள் பக்கத்துக்கு அவசியம் வாருங்கள். ஆனால் மாதத்தை மனத்தில் வையுங்கள். கார்த்திகை தொடங்கியதிலிருந்து மண்டல காலம் முடியும் வரை, தமிழ்நாட்டிலிருந்து சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் சாலையை நிறைத்துவிடும். ஆரியங்காவு ஐயப்பனுக்கு மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வருவார்கள். அதைக் காண்பதே நோக்கமானால் அந்தக் கூட்டமும் ஒரு நிறைவுதான். அமைதியை நாடி வருகிறவர்களுக்கு அந்தச் சாலையில் வேன் பயணம் ஏமாற்றமாகவே முடியும்.

எனவே மலையைப் பகல் நேர ரயிலில் கடக்குமாறு சொல்வேன். 1904-இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் மூடப்பட்டு 2018-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. பகவதிபுரத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது பின்னால் விடுவது தென்காசியின் வறண்ட காற்றை. வெளியே வந்ததும் எதிர்ப்படுவது ஈரக்காடு. கழுதுருட்டி அருகே சாலையை ஒட்டி நிற்கும் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் ரயில் செல்கிறது. பாலருவி விரைவு ரயிலின் பெயரைப் பார்த்து அதில் பதிவு செய்துவிடாதீர்கள். அது மலைப்பகுதியை இரவில் கடக்கிறது.

பாலருவி ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. நுழைவாயிலிலிருந்து வனத்துறை வண்டியில் செல்லலாம் என்றாலும், கடைசிப் பகுதியில் நடை உண்டு. அத்தைக்குப் புனலூர்த் தொங்கு பாலத்தைக் காட்டுங்கள். கல்லடை ஆற்றின் மேல் 1877-இல் கட்டப்பட்ட அதில் தட்டையான பலகைகளின் மேல் மெதுவாக நடந்தால் போதும். பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி: செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். எங்கள் ஊர் முதியவர்கள் பலர் சிறுவயதில் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள்.

இருப்பினும், மறையூரிலிருந்து செங்கோட்டை வருவதற்கே ஒரு பகல் முழுவதும் போய்விடும். ஒரு வாரத்துக்குள் மூன்று பகுதிகளையும் அடைக்காமல், அத்தையின் ஆசைக்காகத் தென்காசியைத் தேர்ந்தெடுத்தால் நெல்லியாம்பதியை விட்டுவிடுங்கள். அது உங்கள் வீட்டருகிலேயே இருக்கிறது.

ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி) எழுதுகிறார்:

மேலே ஆசிரியை அம்மா சொன்னதை ஏற்கிறேன். தென்காசிப் பயணம் கைகூடாவிட்டால், அதற்கு ஈடாகப் பரம்பிக்குளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் அங்கு சாலையில் செல்ல முடியும். நீர்த்தேக்கங்கள் கேரள மண்ணில் இருக்க, அவற்றைப் பராமரிப்பது தமிழ்நாடு. வனத்துறை வண்டியில் சென்றாலே கன்னிமாரா தேக்கைப் பார்த்துவிடலாம். சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர் உள்ள மரம் அது. தங்கும் இடங்கள் குறைவு என்பதால் வனத்துறையில் முன்பதிவு செய்யாமல் புறப்பட வேண்டாம்.

இன்னொன்று, இது எல்லா ஊர்களுக்கும் பொருந்தும். வருகிறவர்கள் மலேசியக் குடிமக்கள். வெளிநாட்டினரைத் தங்கவைக்கும் விடுதியோ வீடோ, 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். மலைக் கிராமங்களில் சிறிய விடுதி நடத்துபவர்கள் சிலர் இதற்குத் தயங்கிக் கடைசி நேரத்தில் இடம் மறுப்பதுண்டு. பதிவு செய்யும்போதே வெளிநாட்டினர் வருகிறார்கள் என்று தெரிவித்து, சம்மதம் பெற்ற பிறகு பணம் கட்டுங்கள். கடவுச்சீட்டின் நகல் போதாது, மூலத்தையே கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் தங்கும் நாள்களுக்கும் இந்தப் பதிவு தேவைப்படும் என்பதால், அவர்கள் வருவதற்கு முன்பே காவல் நிலையத்தில் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.