சத்ரியாவும் அல்சாவும்: தினசரி ஓட்டத்துக்கு எது?

பிறையிலிருந்து:

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள். ஒன்று, அண்ணன் ஓட்டி எனக்குக் கொடுத்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ: 1.8 லிட்டர் மிட்சுபிஷி எஞ்சின், 5 கியர் மேனுவல், லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்த சஸ்பென்ஷன். இன்னொன்று, இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வாங்கிய பெரோடுவா அல்சா, ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி. வீடு பெருநிலப் பக்கம் பிறையில், வேலை பினாங்குத் தீவில் பாயான் லெப்பாசில். அதனால் தினமும் பினாங்குப் பாலம்தான்.

சத்ரியாவிலேயே ஏழு வருடம் பாலம் கடந்தேன். 13.5 கிலோமீட்டர், சாலை காலியாக இருந்தால் பத்து நிமிடம். காலை ஏழு மணிக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. முன்னால் இருப்பவர் ஒரு கார் நீளம் நகர்வார். நாமும் முதல் கியர் போட்டு நகர்ந்து, நியூட்ரலுக்கு வந்து, மறுபடியும் முதல் கியர். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நியூட்ரலுக்கு வராமல் பாதி கிளட்சிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடை வேறு. வர்க்‌ஷாப்பில் கழற்றிக் காட்டினார்கள்: கிளட்ச் பிளேட் தேய்ந்து ரிவெட் தலைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. வண்டிமேல் குற்றமில்லை, என் இடது கால் செய்த வேலை.

இப்போது பாலத்துக்கு அல்சாதான். சிவிடி, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் என்பதால் கியர் மாறுவதே தெரியாது. ஆட்டோ ஹோல்டை அழுத்திவிட்டால், நின்றதும் பிரேக்கை அதுவே பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து, முட்டி வலி இல்லாமல் சின்னவனைத் தூக்க முடிகிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் பாலிக் புலாவில் மாமனார் வீடு. போன டுரியான் பருவத்தில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் ஒரு கூடைப் பழத்தோடு ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலை வழியாக இறங்கினேன். நல்ல மழை. கியர் லீவரை ‘டி’யிலேயே (வழக்கமாக ஓட்டும் நிலை) விட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி வந்தேன். டுரியான் வாசனையையும் மீறி பிரேக் சூட்டு வாடை வந்தது. பின் இருக்கையிலிருந்து மாமனார் சொன்னார்: “மாப்பிள்ள, பிரேக்க விடுங்க, கியர்ல எறக்குங்க.” லோரி ஓட்டிய மனுஷன். லீவரை ஒரு படி கீழே இழுத்ததும் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது.

சத்ரியாவில் இதை யாரும் எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. இறக்கம் வந்தால் கை தானாக இரண்டாவது கியருக்குப் போகும். அல்சாவில் உட்கார்ந்த சில வருடங்களில் அந்தக் கை மறந்துவிட்டது. அதுதான் எனக்கு உறுத்தல். தினசரிக்குக் குடும்ப வண்டியே போதும் என்பேன், ஆனால் மேனுவல் ஓட்டிப் பழகிய பிறகு.

ஜெலுத்தோங்கிலிருந்து:

நான் தீவுக்குள்ளேயே இருப்பவள், பாலத் தொல்லை இல்லை. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 லிட்டர் மேனுவல். ஜார்ஜ் டவுன் சந்துகளில் சின்ன வண்டிதான் சௌகரியம். மேனுவல் ஒரு சுமையாகவே எனக்குத் தோன்றியதில்லை.

அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்த பிறகுதான் சங்கடம். ஸ்விஃப்ட்டில் இருக்கை தாழ்வு, இருக்கையின் இரு பக்கமும் விளிம்பு உயரம். கதவைப் பிடித்தபடி அவர் எழ முயன்று மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குத் தங்கையின் எம்பிவியில்தான், அல்சா மாதிரி குடும்ப வண்டியில்தான் போனார். அப்புறம் நான் காய்ச்சலில் படுத்தபோது வண்டியை எடுக்க வீட்டில் ஆளில்லை. தம்பி பிள்ளைகள் இருவருக்கும் டிஏ உரிமம்தான். ஆட்டோமேட்டிக் கார் மட்டுமே ஓட்டலாம். என் மகளை மேனுவலும் ஓட்டக்கூடிய டி உரிமத்துக்கே பதியச் சொல்லியிருக்கிறேன்.

பிறையிலிருந்து:

நல்ல முடிவு, அக்கா. சத்ரியாவை நான் விற்கவில்லை. புது கிளட்ச் போட்டாயிற்று. நின்றால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, லோரிகள் வருமுன், துன் சார்டோனில் ஏறுவேன். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் என் இடது கையையே பார்த்துக்கொண்டு வருவார்.